டால்டாவுக்குள்ள எதுக்கு நல்லெண்ணெய்?

இந்த எபிசோட்ல ஒரு சிவப்பு நிறத்தோட கதையைச் சொல்லப் போறேன்.

பால்ல கலப்படம் கண்டுபிடிக்கிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதுல அடிக்கடி வர்ற ஒரு சோதனை இது. ஒரு கண்ணாடிக் குழாய்ல 3 மி.லி. பால், 10 சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு ஸ்பூன் சர்க்கரை. கலக்கிட்டு 5 நிமிஷம் விடணும். சிவந்தா, பால்ல வனஸ்பதி இருக்கு. (அமிலம் விளையாட்டு இல்ல. சமையல் மேடையில வச்சு இதைச் செய்யாதீங்க.)

இதைப் பார்க்கிறவங்க எல்லாரும் வனஸ்பதிக்கும் சர்க்கரைக்கும் ஏதோ பகைன்னுதான் நினைப்பாங்க. அப்படி ஒண்ணுமே கிடையாது. வனஸ்பதி தன்னால சிவக்காது. அதுக்குள்ள சட்டம் போட்டுக் கலக்க வச்ச நல்லெண்ணெய்தான் சிவக்குது. நம்ம ஊர் எள்ளுல இருந்து ஆட்டுற அதே நல்லெண்ணெய். அதை யார் அங்க கொண்டுபோய் வச்சாங்க, எதுக்காகன்னு தேடினா, கதை ஜெர்மனி வரைக்கும் போகுது.

முதல்ல பால். பால்ல தண்ணி கலக்குறது பால் விக்கிறதோட சேர்ந்தே பிறந்த தொழில். அதைப் பிடிக்க வந்ததுதான் லாக்டோமீட்டர், பால்ல மிதக்க விடுற ஒரு கண்ணாடிக் குழல். பாலோட அடர்த்தி சுமாரா 1.028-ல இருந்து 1.032 வரை இருக்கும். தண்ணி சேர்ந்தா அடர்த்தி குறையும், குழல் இன்னும் கொஞ்சம் அமுங்கும். பிரமாதமான கருவிதான், ஆனா ஏமாத்துறதும் சுலபம். பால்ல இருக்கிற கொழுப்பு தண்ணியை விட லேசானது. அதனால மேல திரண்ட ஏட்டை எடுத்துட்டா மிச்சப் பாலோட அடர்த்தி கூடும். அப்புறம் அளவா தண்ணி ஊத்தினா அடர்த்தி பழைய இடத்துக்கே திரும்பிடும். ரெண்டு திருட்டு பண்ணியிருப்பாரு, லாக்டோமீட்டர் 'சுத்தமான பால்'னு சர்டிஃபிகேட் கொடுத்துடும்.

இதுக்கு விடை 1890-களில் வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின்ல ஸ்டீஃபன் பாப்காக், சுவிட்சர்லாந்துல நிக்லாஸ் கெர்பர். ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே யோசனையைப் பிடிச்சாங்க: பாலை கந்தக அமிலத்துல போட்டு புரதத்தையெல்லாம் கரைச்சிடு, வேகமா சுத்து, கொழுப்பு மட்டும் மேல வந்து நிக்கும், அளந்துக்கோ. நம்ம கிராமத்து பால் சொசைட்டிகள்ல பல வருஷமா ஓடினது கெர்பர் முறை. 10 மி.லி. அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். பாலுக்கு விலை போடுறதே இப்ப கொழுப்பையும், கொழுப்பில்லாத மத்த திடப்பொருளையும் வச்சுத்தான். அந்தச் சின்னக் குழாய்ல தெரியிற மஞ்சள் பட்டைதான் மாடு வளர்க்கிறவரோட சம்பளம்.

ஆனா கவனிங்க. கெர்பர் குழாய் எவ்வளவு கொழுப்புன்னு சொல்லும், யாரோட கொழுப்புன்னு சொல்லாது. பாலோட ஏட்டை எடுத்து நெய்யா வித்துட்டு, அந்த இடத்துல மலிவான பாமாயிலை ஊத்தி, ஒட்டுறதுக்குக் கொஞ்சம் டிடர்ஜென்ட் போட்டு நுரைக்க அடிச்சா, கெர்பர் குழாய்க்கு அதுவும் கொழுப்புதான். செயற்கைப் பால்னு செய்தியில வர்றதோட அடிப்படை இந்த ஓட்டைதான். அளவைக் காட்டுற கருவி நம்மகிட்ட இருந்தது, அடையாளம் காட்டுற கருவி இல்ல.

அடையாளம்னா என்ன? இதுக்கு விடை மாட்டோட வயித்துல இருக்கு. அசை போடுற விலங்குகளோட இரைப்பையில வாழுற நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்க வைக்குது. அதுல கிடைக்கிற பொருட்களை வச்சு மாட்டோட மடி ரொம்பச் சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களைச் செய்யுது. அதுல முக்கியமானது பியூட்ரிக் அமிலம், வெறும் 4 கார்பன். கெட்டுப்போன வெண்ணெய்ல ஒரு வாடை வருமே, அதுதான். நாம சமைக்கிற எந்தத் தாவர எண்ணெய்லயும் அது கிடையாது. இதைப் பிரிச்சு எடுத்துப் பேர் வச்சவர் மிஷேல் யூஜின் செவ்ரோல்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர், 19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல. (மனுஷன் 102 வயசு வாழ்ந்தார். கொழுப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவர்ங்கிறதை நான் யாருக்கும் டயட் அட்வைஸா சொல்லல.)

1869-ல பிரான்ஸ்ல இப்போலித் மேஜ்-மூரியேன்னு ஒருத்தர் மாட்டுக் கொழுப்பையும் பாலையும் வச்சு ஒரு போலி வெண்ணெயைச் செஞ்சார். மூணாம் நெப்போலியன் கேட்டது அதுதான்: கப்பற்படைக்கும் ஏழைகளுக்கும் மலிவா ஒரு வெண்ணெய். அதுதான் மார்ஜரின். அந்த உரிமத்தை வாங்கினது நெதர்லாந்துல இருந்த யூர்கன்ஸ் குடும்பம். இந்த நெதர்லாந்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில நம்ம ஊருக்கு வருவாங்க.

மார்ஜரின் வந்து பத்தே வருஷத்துல, 1879-ல, எமில் ரைஷர்ட் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். அதே வருஷம் மைஸல் அதைச் செம்மைப்படுத்தினார். 5 கிராம் கொழுப்பை எடுத்து உடைச்சு, ஆவியாகக்கூடிய சின்ன அமிலங்களை மட்டும் காய்ச்சி வடிச்சு, அதைச் சமன் பண்ண எவ்வளவு காரம் வேணும்னு அளக்கிறது. பசு வெண்ணெய்க்கு அந்த எண் பொதுவா 25-க்கு மேல வரும். பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு 1-ஐக் கூடத் தொடாது. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் 6, 7 வரும். கலப்படக்காரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் மேல எப்பவும் ஒரு தனிப் பாசம் உண்டு, காரணம் இதுதான். ரைஷர்ட்-மைஸல் எண் இன்னைக்கும் நம்ம நெய் விதிகள்ல இருக்கு.

ஆனா இதெல்லாம் ஆய்வகத்துல மணிக்கணக்கா உட்கார்ந்து செய்ற வேலை. சந்தையில எப்படிப் பிடிக்கிறது? இங்கதான் அரசாங்கங்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. கலப்படத்தைத் தேடுறதை விட, கலக்கப்படப் போற பொருளுக்கே முன்கூட்டி ஒரு முத்திரை குத்திடலாமே?

அமெரிக்காக்காரங்க நிறத்தைப் பிடிச்சாங்க. 1891-ல நியூ ஹாம்ஷயர் மாகாணம், மார்ஜரின் விக்கணும்னா பிங்க் கலர்ல விக்கணும்னு சட்டமே போட்டது. பிங்க் வெண்ணெயை எவன் ரொட்டியில தடவுவான்? விக்காமப் போகணும்ங்கிறதுதான் நோக்கம். 1898-ல அவங்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அப்புறம் 1902-ல மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரினுக்கு பவுண்டுக்கு 10 சென்ட் வரி வந்தது. கம்பெனிகள் வெள்ளை மார்ஜரினைக் கொடுத்துட்டு சாயத்தைத் தனியாக் கொடுத்தாங்க, வீட்ல பிசைஞ்சுக்கோங்கன்னு. 1950 வரைக்கும் இந்தக் கூத்து.

ஜெர்மனி வேற வழி. பௌதுவான்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் பேர்ல ஏற்கெனவே ஒரு சோதனை இருந்தது. எள் எண்ணெயோட சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தா ரத்தச் சிவப்பா மாறும். அமிலத்துல சர்க்கரை உடைஞ்சு ஃபர்ஃபுரல் வகைப் பொருள் வரும், எள்ளுல இருக்கிற செசமாலினில் இருந்து செசமால் வரும், ரெண்டும் சேர்ந்தாச் சிவப்பு. வேற எந்தச் சமையல் எண்ணெயும் இப்படி நடந்துக்காது. ஆலிவ் எண்ணெய்ல எள் எண்ணெயைக் கலக்கிறவங்களைப் பிடிக்கத்தான் அது பயன்பட்டுட்டு இருந்தது. 1897-ல ஜெர்மானிய அரசு அதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டது. இனிமே எல்லா மார்ஜரின்லயும் 10 சதவீதம் எள் எண்ணெய் சேர்க்கணும். பார்க்க ஒண்ணும் தெரியாது, ருசியும் பெருசா மாறாது. ஆனா ஒருத்தர் அதை வெண்ணெய்ல கலந்தா, ஆய்வகத்துல அமிலம் பட்ட உடனே சிவப்பு.

திருடப் போறவன் பையில, அவனுக்கே தெரிஞ்சு, ஒரு மணியைக் கட்டி அனுப்புற மாதிரி. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இதுல ஒரு பிரச்சினையும் இருக்கு, அதுக்கு வர்றேன்.

இப்ப இந்தியா. நம்ம நாட்டுல நெய் வெறும் சாப்பாடு இல்லை. ஹோமம், திதி, விளக்கு எல்லாத்துலயும் இருக்கு. 1917-ல கல்கத்தாவுல நெய் கலப்படம் ஒரு பெரிய கொந்தளிப்பாவே வெடிச்சது. விலங்குக் கொழுப்பு கலந்த நெய்யைச் சாப்பிட்டுத் தீட்டாயிட்டோம்னு ஆயிரக்கணக்கான பிராமணர்கள் ஹூக்ளி ஆத்தங்கரையில கூடி, பட்டினி இருந்து பரிகாரம் பண்ணாங்க. மார்வாரி வியாபாரிகள் மேல விரல் நீண்டது, அவங்க சமூகத்துக்குள்ளேயே விசாரணை நடந்தது. அதே வருஷம் நெய்க்குன்னே தனியா நகராட்சிச் சட்டத் திருத்தம் வந்தது. அடுத்த வருஷம், 1918-ல, மெட்ராஸ் மாகாணம் தன்னோட உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தைப் போட்டது.

அப்ப இன்னும் பெரிய ஆட்டமே ஆரம்பிக்கல. ஜெர்மானியரான வில்ஹெல்ம் நோர்மான் 1902-ல ஒரு காப்புரிமை வாங்கினார்: திரவ எண்ணெய்க்குள்ள நிக்கல் தூள் உதவியோட ஹைட்ரஜனைச் செலுத்தினா அது கெட்டியாகும். கடலை எண்ணெய் உறைஞ்சு, வெள்ளையா, குருணை குருணையா வந்து நிக்கும். ஐரோப்பாக்காரங்களுக்கு அது மார்ஜரினுக்கான கச்சாப் பொருள். இந்தியாக்காரங்களுக்கு அது பார்க்க அப்படியே நெய். நெதர்லாந்துல இருந்து 'தாதா'ங்கிற பேர்ல இறக்குமதி ஆயிட்டு இருந்தது. யூர்கன்ஸ் மாதிரியான டச்சு மார்ஜரின் கம்பெனிகளும் லீவரும் 1929-30 வாக்கில ஒண்ணாச் சேர்ந்துதான் யூனிலீவர் உருவாச்சு. அந்த லீவர் 1937-ல இங்கேயே தயாரிச்சு வித்தப்ப, பேருக்கு நடுவுல தங்களோட 'எல்' எழுத்தைச் செருகினாங்கன்னு சொல்றாங்க. டால்டா. பனைமரம் போட்ட மஞ்சள் டப்பா. எண்ணெய் தீர்ந்த பிறகும் அரிசி அளக்கவும் துளசி வைக்கவும் எத்தனையோ வீடுகள்ல வாழ்ந்த டப்பா.

டால்டாவை டால்டான்னு சொல்லி வித்தா யாருக்கும் வம்பில்ல. நெய் வாங்க முடியாத வீட்டுக்கு அது ஒரு வசதி. ஆனா டின்னுல வந்தது டின்னுலேயே போகல. கிராமத்துல ஒரு எருமையை வச்சுக்கிட்டு, பாலை உடனே விக்க வழியில்லாத குடும்பத்துக்கு, நெய்தான் கெடாத ஒரே சரக்கு, சந்தைக்குக் கொண்டு போற ஒரே காசு. நடுவுல இருக்கிற வியாபாரி பாதிக்குப் பாதி வனஸ்பதி கலந்து மலிவா வித்தா, கலக்காதவரோட நெய் 'ரொம்ப விலை' ஆயிடும். காந்தி 1946-ல 'ஹரிஜன்' இதழ்ல வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். விடுதலைக்கு அப்புறம் வனஸ்பதியை மொத்தமா தடை பண்ணணும்னு தாகூர் தாஸ் பார்கவா நாடாளுமன்றத்துல மசோதாவே கொண்டுவந்தார். தடை வரல.

தடை வேண்டாம், சரி, நிறமாவது போடுங்கன்னு கேட்டாங்க. பச்சையோ சிவப்போ ஒரு சாயத்தைப் போட்டுட்டா, கலந்த நெய்யைப் பார்த்ததுமே தெரிஞ்சிடும். கேட்க எளிமையா இருக்கு. ஆனா அந்தச் சாயம் விஷமில்லாம இருக்கணும், தாளிக்கிற சூட்டுல போகக் கூடாது, யாரும் வெளுத்து எடுத்துட முடியாததா இருக்கணும், அதே சமயம் அதைச் சாப்பிடுற ஏழைக்கு அருவருப்பா இருக்கவும் கூடாது. ரத்தன்ஜோத்ங்கிற வேரோட சாயம் வரைக்கும் பேச்சுல அடிபட்டது. எல்லா நிபந்தனைக்கும் பொருந்துற சாயம் கடைசி வரைக்கும் கிடைக்கல.

கிடைச்சது ஜெர்மன்காரங்க வழி. வனஸ்பதியில எடைக்கு 5 சதவீதத்துக்குக் குறையாம நல்லெண்ணெய் இருக்கணும். வனஸ்பதியை 20-க்கு 80-ன்னு கடலை எண்ணெய்ல கலந்து பௌதுவான் சோதனை பண்ணினாலும், சிவப்பு லோவிபாண்ட் நிற அளவுகோல்ல 2.0 அலகுக்குக் குறையக் கூடாதுன்னு விதியில அளந்து எழுதியிருக்காங்க. 1954-ல வந்த உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தோட விதிகள்லயும் இது இருந்தது, 2011 விதிகள்லயும் இருந்தது.

இப்ப அந்தப் பிரச்சினை. சாயம் போட்டிருந்தா, சந்தையில நெய் வாங்குற ஒரு அம்மா தன் கண்ணாலேயே பார்த்துட்டு 'இது வேண்டாம்பா'ன்னு சொல்லியிருப்பாங்க. நல்லெண்ணெய் முத்திரையை அவங்களால படிக்க முடியாது. அதைப் படிக்க அமிலம் வேணும், ஃபர்ஃபுரல் வேணும், ஒரு அரசு ஆய்வாளர் வேணும், அவர் மாதிரி எடுக்க வரணும், அறிக்கை வரணும், வழக்கு நடக்கணும். கண்டுபிடிக்கிற உரிமை வாங்குறவங்க கையில இருந்து சோதனைக்கூடத்துக்குப் போயிடுச்சு. வனஸ்பதி முதலாளிகளுக்கு இது எவ்வளவு வசதியா இருந்திருக்கும்னு சொல்லத் தேவையில்ல. நியாயமாச் சொன்னா, உண்மையிலேயே நல்ல சாயம் கிடைக்கலைங்கிறதும் நிஜம். ரெண்டும் சேர்ந்துதான் நடந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

சோதனைக்கூடமும் கண்ணை மூடிக்கிட்டு நம்புற விஷயம் இல்லை. நெய்க்கு மஞ்சள் தர்ற சில நிலக்கரித்தார்ச் சாயங்கள் வெறும் அமிலம் பட்டாலே சிவக்கும், நல்லெண்ணெய் ஒரு சொட்டு இல்லாமலேயே. அதனால முதல்ல ஃபர்ஃபுரல் போடாம அமிலம் மட்டும் ஊத்திப் பார்க்கணும். ரைஷர்ட் எண்ணுலயும் இதே தொல்லை. பருத்திக்கொட்டை நிறையத் தின்ற மாட்டோட நெய்யில அந்த எண் இயற்கையாவே இறங்கும். அதனால விதிகள் பஞ்சாப் நெய்க்கு 28, தமிழ்நாட்டு நெய்க்கு 24, பருத்தி விளையிற பகுதிகளுக்கு அதை விடக் குறைவுன்னு வச்சாங்க. ஒரு பிரதேசத்து மாடு என்ன தின்னுதுன்னு சட்டப் புத்தகத்துல எழுத வேண்டிய நிலைமை! சிரிப்பா இருக்கலாம். ஆனா பின்னாடி வந்த திருத்தத்துல கலப்படத்துக்குக் குறைஞ்சபட்சம் 6 மாசம் சிறைன்னு ஆச்சு. அப்புறம் 24-க்கும் 23-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனுஷனோட அரை வருஷம்.

திருடனும் சும்மா இருக்கல. நல்லெண்ணெய் முத்திரை வனஸ்பதியிலதானே இருக்கு? வனஸ்பதியை விட்டுட்டு நேரா பாமாயிலை ஊத்தினான். முத்திரை இல்ல, சிவப்பும் இல்ல. நெய் வழியா ஒளி எவ்வளவு வளையுதுன்னு பார்க்கிற ஒரு கருவி உண்டு, 40 டிகிரி சூட்டுல நல்ல நெய் 40-ல இருந்து 43 வரை காட்டும். கடலை எண்ணெய் 50-ஐத் தாண்டும், தேங்காய் எண்ணெய் 35 பக்கம் நிக்கும். ரெண்டையும் சரியான விகிதத்துல கலந்தா நெய்யோட எண் வந்துடும். கணக்குத் தெரிஞ்ச திருடனுக்கு இது ஒரு சராசரிக் கணக்கு, அவ்வளவுதான்.

அதனால விஞ்ஞானிகள் ஏமாத்த முடியாத ஒரு அடையாளத்தைத் தேடினாங்க. அது ஏற்கெனவே இருந்தது. 1900-ஐ ஒட்டி போமர்ங்கிற ஜெர்மானியர் கவனிச்சது: விலங்குக் கொழுப்புல கொலஸ்டிரால் இருக்கும், தாவரக் கொழுப்புல அதோட சொந்தக்காரங்களான பைட்டோஸ்டிரால்கள் இருக்கும். யாரும் சட்டம் போட்டுக் கலக்க வேண்டியதில்ல, செடியே வச்ச முத்திரை. போமர் இதை உருகுநிலையை வச்சுப் பார்த்தார், ரொம்ப நுணுக்கமான வேலை. இன்னைக்கு கேஸ் குரோமட்டோகிராஃபி இயந்திரம் பீட்டா-சைட்டோஸ்டிராலை நேரடியாப் பிடிச்சுக் காட்டும்.

1990-களில் ஜெர்மனியோட கீல் நகரத்துல டீட்ரிஷ் இல்ல, டீட்ஸ் பிரெஷ்ட் (ரெக்கார்டிங்ல நான் தடுமாறின பேர், அப்படியே இருக்கட்டும்) இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். கொழுப்பு மூலக்கூறுகளை அளவு வாரியாப் பிரிச்சு, அந்த விகிதங்களைச் சமன்பாடுகள்ல போட்டா, சுத்தமான பால் கொழுப்புக்கு விடை 100-ஐ ஒட்டி வரும். இதுக்குப் பேர் எஸ் மதிப்பு. 2024 செப்டம்பர்ல திருப்பதி லட்டு நெய் விவகாரத்துல டிவியில எல்லாரும் காட்டின ஆய்வறிக்கையில இருந்த எண்கள் இதுதான். அந்த அரசியலுக்குள்ள நான் போகல. ஒண்ணு மட்டும். மாடு பட்டினி கிடந்தாலோ, எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள தீவனம் தின்னாலோ இந்த எண் தப்பாக் காட்டலாம்னு முறையிலேயே எச்சரிக்கை இருக்கு. அதோட, அது பசும்பாலுக்குன்னு போட்ட கணக்கு. நம்ம நாட்டுப் பால்ல கிட்டத்தட்ட பாதி எருமைப்பால். அதனால ஒரு எண்ணை மட்டும் கேட்டா போதாது, கூடவே எந்த மாடு, என்ன தீவனம்னும் கேட்கணும்.

பயமும் சில சமயம் நம்மளை ஏமாத்தும். 2011-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1,791 பால் மாதிரிகளைப் பார்த்து 68.4 சதவீதம் தரத்துக்கு ஒத்து வரலைன்னு சொன்னது. 'பாலில் மூணுல ரெண்டு விஷம்'னு ஃபார்வர்ட் சுத்தினது அதுதான். ஆனா அதுல பெரும் பங்கு தண்ணியும், அதனால குறைஞ்ச திடப்பொருளும். 2018-ல 6,432 மாதிரிகளைப் பார்த்தப்போ உடம்புக்கு ஆபத்தான கலப்படம் கண்டுபிடிச்சது 12-ல மட்டும். அதை விட அதிகமாக் கிடைச்சது, பூசணம் பிடிச்ச தீவனம் வழியா பாலுக்கு வர்ற அஃப்லாடாக்சின் எம்1. அதுக்கு எந்தப் பால்காரரும் எதையும் கலக்க வேண்டியதில்ல, அதனால அது ஃபார்வர்டுலயும் வரல.

சரி, அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். பால், அமிலம், சர்க்கரை. சிவந்தா பால்ல வனஸ்பதி இருக்குன்னு சந்தேகப்படக் காரணம் இருக்கு, மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுங்க. சிவக்கலைன்னா, எள்ளு இல்லைன்னு மட்டும்தான் தெரியும். பாமாயில் இருக்கா, சூரியகாந்தி எண்ணெய் இருக்கான்னு அந்தக் குழாய்கிட்ட கேட்கவே முடியாது.